ஏஜெண்ட் காசு எந்த நாட்டுக் குற்றம்? கப்பலில் முடிந்தது கட்டுமானத்தில் ஏன் முடியவில்லை?

உட்லண்ட்ஸ் வாசி (இழையைத் தொடங்கியவர்)

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர்த் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வெளிநாட்டு ஊழியர்களின் சம்பளப் புகாருக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் தாள்களை அடுக்கிக் கொடுக்கும் தொண்டூழியர்களில் நானும் ஒருவன். சம்பளப் பாக்கியோ, கைவிரல் போன விபத்தோ, எந்தப் புகாராக இருந்தாலும் பேச்சு கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த காசு. அந்தக் கடன் அடையும்வரை எதையும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஓட்டி (கூடுதல் நேர வேலை) பணம் குறைந்தாலும் கேட்பதில்லை. முதுகு பிடித்துக்கொண்டாலும் மருத்துவரிடம் போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலை முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம், மொத்தமாக 2 மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் வாங்கக் கூடாது. வேலை கொடுப்பதற்காக முதலாளி ஊழியரிடம் காசு வாங்கினால் வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். இந்தியாவிலும் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

பிறகு எப்படி லட்சக்கணக்கில் கடனோடு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள்? காசு கைமாறும் இடம் திருச்சி. வாங்குபவர் எந்தப் பதிவிலும் இல்லாத துணை ஏஜெண்ட். இங்குள்ள சட்டத்தின் கை அங்கே நீளாது. அங்குள்ள சட்டத்துக்கு இங்குள்ள கம்பெனி எட்டாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியல் ஒன்றை இந்தியா வைத்திருக்கிறது. அதில் மலேசியா உண்டு, வளைகுடா நாடுகள் உண்டு, சிங்கப்பூர் இல்லை. அங்கே ஒப்பந்தத்தை ஒருவர் வாங்கிப் பார்க்கும் அந்த ஒரு படியும் நம் ஊருக்கு வருகிறவர்களுக்குக் கிடையாது.

உலகக் குடிமக்களாக வாழச் சொல்லி நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் விழுந்த மனிதனுக்கு யார் பொறுப்பு என்பதை இங்கே பேசலாமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

---

ஜூரோங் செல்வம்

அண்ணே, நான் கட்டட வேலைதான். சிவகங்கை பக்கம். மொதல்ல ஸ்கில் டெஸ்ட் அடிக்கணும், அதுக்குச் சென்னையில டெஸ்ட் சென்டர்ல சேரணும். அங்க ஃபீஸ், தங்குறது, சாப்பாடு. பாஸான பிறகு கம்பெனி கிடைக்க ஏஜெண்ட். எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சத்துக்கு மேல போச்சு. அம்மா நகை பேங்குல, மீதி வட்டிக்கு.

ரசீதுன்னு ஒரு தாள் கூட கிடையாது. "டிக்கெட், மெடிக்கல், சர்வீஸ்"னு வாயால சொன்னாங்க. வாங்கினவரு எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவரு. இப்ப நான் போய் அவரு மேல புகார் குடுத்தா, அடுத்து என் தம்பிய யாரு அனுப்புவா? இதையும் சேர்த்து யோசிங்க. எங்களுக்குச் சட்டம் தெரியாம இல்ல. வாய்த் தொறந்தா பாதை அடைபட்டுரும்னுதான் பயம்.

கம்பெனி மாறும்போது திரும்பவும் காசு கேக்குறாங்க, அது இங்கயே நடக்குது. அதையும் பேசணும்.

---

அங் மோ கியோ ஆசிரியை

செல்வம் தம்பி சொன்னதைப் படித்ததும் என் வகுப்பில் எப்போதும் எடுக்கும் ஒரு இடம் நினைவுக்கு வந்தது. உலக மனித உரிமைப் பிரகடனம், 1948 டிசம்பர் 10, பாரிஸ். 48 நாடுகள் ஆதரவு, 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகின, எதிர்ப்பு ஒன்றும் இல்லை. அதன் முதல் பிரிவு 'எல்லா ஆண்களும்' என்ற பொருள்பட எழுதப்பட்டபோது, அது 'எல்லா மனிதர்களும்' என்றுதான் இருக்க வேண்டும் என்று வாதாடி மாற்றியவர் இந்தியாவின் ஹன்ஸா மேத்தா. மாணவர்களுக்குப் பிடித்த தகவல் இது.

ஆனால் இந்த இழைக்கு வேண்டியது 13ஆம் பிரிவு. தன் நாடு உட்பட எந்த நாட்டை விட்டும் வெளியேற எவருக்கும் உரிமை உண்டு, தன் நாட்டுக்குத் திரும்பவும் உரிமை உண்டு என்கிறது அது. இன்னொரு நாட்டுக்குள் நுழைய உரிமை உண்டு என்று எங்கும் சொல்லவில்லை. நுழைய விடுவதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் கையில். வெளியேறும் உரிமைக்கும் நுழையும் அனுமதிக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. ஏஜெண்ட் கடை போட்டிருப்பது அந்த இடத்தில்தான். அவர் விற்பது விமானச் சீட்டோ மருத்துவப் பரிசோதனையோ இல்லை, உள்ளே நுழையும் வாய்ப்பு.

ஆகவே 'நேர்மையான ஏஜெண்டுகளைத் தேடுங்கள்' என்று அறிவுரை சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வாய்ப்புக்கு விலை இருக்கும்வரை யாராவது ஒருவர் விற்றுக்கொண்டுதான் இருப்பார்.

---

சிறு கான்ட்ராக்டர்

மாற்றுக்கருத்து ஒன்றைப் பொறுமையாகக் கேளுங்கள். நான் முப்பது பேருக்குள் வைத்து துணை ஒப்பந்த வேலை எடுப்பவன். ஒவ்வோர் ஆளுக்கும் மாதா மாதம் லெவி (வெளிநாட்டு ஆள் வைப்பதற்கு அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை) கட்டுகிறேன். மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளிக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். விடுதி வாடகை கொரோனாவுக்குப் பிறகு எங்கேயோ போய்விட்டது. காப்புறுதி, மருத்துவம் எல்லாம் என் கணக்கில்.

நான் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ஆனால் என் ஆட்களில் பலர் ஊரில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என்னால் என்ன செய்ய முடியும்? இங்குள்ள முகவரிடம் ஆள் கேட்கிறேன், அவர் அனுப்பும் பெயர்ப்பட்டியலில் இருந்து எடுக்கிறேன். பட்டியலுக்குள் ஒருவர் எப்படி வந்தார் என்று நான் பார்ப்பதில்லை, பார்க்கவும் வழி இல்லை.

ஆள்சேர்ப்புச் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்று சொல்வது எளிது. நான் ஏற்று, பக்கத்துக் கம்பெனி ஏற்காவிட்டால் அடுத்த குத்தகை அவருக்குத்தான் போகும். எல்லாரும் ஒரே நாளில் மாறினால் நானும் மாறத் தயார். தனியாக என்னால் முடியாது.

---

மெரைன் மணி

கான்ட்ராக்டர் சாரின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு வருகிறேன், ஏனென்றால் கப்பல் முதலாளிகளும் இதே வரியைத்தான் சொன்னார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன், எஞ்சின் பகுதியில் வேலை பார்த்தவன், இப்போது இங்கே கரையில் கப்பல் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். கடலோடிகளுக்கு என்று 2006ல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை உருவானது: கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. நாங்கள் எம்எல்சி என்போம். 2013 ஆகஸ்ட் 20ல் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர் 2011லேயே ஏற்றுக்கொண்டது, இந்தியா 2015ல். அதில் வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. கடவுச்சீட்டு, கடலோடிப் பதிவேடு, மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு மட்டும் அவருடையது. விசா செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது.

இது எப்படி நடந்தது? கப்பல் முதலாளிகள் திடீரென்று தர்மவான்கள் ஆகவில்லை. பனாமா, லைபீரியா என்று வசதியான ஒரு நாட்டில் கப்பலைப் பதிந்து அதன் கொடியைப் பறக்கவிட்டு, சோற்றிலும் சம்பளத்திலும் மிச்சம் பிடிக்கும் கப்பல்களோடு போட்டி போட்டு மற்ற முதலாளிகள் நொந்துபோயிருந்தார்கள். எல்லாரும் ஒரே விதிக்குள் வந்தால் அவர்களுக்கும் நிம்மதி. அதனால் முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அரசாங்கங்கள் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதின.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஒரு கப்பல் எந்தக் கொடியோடு வந்தாலும், அது சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் வந்தால் இங்குள்ள அதிகாரி ஏறிப் பார்க்கலாம். கொடி நாடு உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாவிட்டாலும் பார்க்கலாம். கையெழுத்துப் போடாத நாட்டுக் கப்பலுக்குச் சலுகை காட்டக் கூடாது என்பதே உடன்படிக்கையின் விதி. ஓய்வு நேரப் பதிவைக் கேட்பார்கள்: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம். சம்பளச் சீட்டைக் கேட்பார்கள். கோளாறு பெரிதாக இருந்தால் கப்பலை நிறுத்தி வைப்பார்கள். நிற்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நட்டம். இந்தப் பயத்தில்தான் விதி உயிரோடு இருக்கிறது.

ஒரே தெருவில் பிறந்த அண்ணன் கப்பலுக்குப் போகிறான், தம்பி சிங்கப்பூர்க் கட்டட வேலைக்கு வருகிறான். அண்ணனிடம் கட்டணம் வாங்குவது உலகெங்கும் தடை. தம்பியிடம் வாங்கினால் கேட்க நாதி இல்லை. அண்ணனின் உரிமையை அந்நிய நாட்டு அதிகாரி ஒருவர் வழியில் நிறுத்திப் பார்க்க முடிகிறது. உலகக் குடியுரிமை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான் என்பேன். மனசுக்குள் வைத்துக்கொள்ளும் உணர்ச்சிக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

---

ஈசூன் கலா

மணி அண்ணன் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அது அவ்வளவு அழகாக நடக்கிறதா? 2024ல் முதலாளிகளால் கைவிடப்பட்ட கடலோடிகளில் இந்தியர்களே அதிகம் என்று செய்தியில் வந்ததே. சம்பளம் இல்லாமல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நங்கூரமிட்ட கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். உடன்படிக்கை என்ன செய்தது?

---

மெரைன் மணி

நியாயமான கேள்வி அக்கா. ஏஜெண்டுகள் மறைமுகமாகக் காசு வாங்குவதும் இன்னும் நிற்கவில்லை. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். கைவிடப்பட்டால் என்ன செய்வது என்று 2014ல் உடன்படிக்கையில் திருத்தம் கொண்டுவந்தார்கள். 2017 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கப்பலும் அதற்கான நிதி உத்தரவாதச் சான்றிதழைக் கப்பலிலேயே வைத்திருக்க வேண்டும். முதலாளி ஓடிப்போனால், 4 மாதம் வரையிலான சம்பள பாக்கியையும் ஊர் திரும்பும் செலவையும் காப்பீட்டாளர் தர வேண்டும். கைவிடப்பட்ட கப்பல்களைப் பற்றிய பொதுப் பதிவேடு ஒன்று உண்டு. அதனால்தான் எண்ணிக்கை உங்கள் செய்தித்தாளுக்கு வந்தது.

கட்டட வேலையில் முதலாளி ஓடிப்போனால் எந்த நாட்டுப் பதிவேட்டில் அது ஏறுகிறது?

---

ஈசூன் கலா

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வேறு ஒன்று சொல்கிறேன், நம் வீட்டுக்குள் நடப்பது.

என் வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். மாதம் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்டாமல் கட்டாயம் தர வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து விதி. பலர் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் முதல் சில மாதச் சம்பளம் முகவரின் கடனுக்கே பிடித்தம் ஆவதை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். முழு மாதம் வேலை செய்துவிட்டுக் கைச்செலவுக்கு மட்டும் காசு வாங்கும் ஒருவர் நம் அடுக்களையில் நிற்கிறார்.

பிலிப்பீன்ஸ் 2006ன் கடைசியிலேயே வீட்டுப் பணிப்பெண்களிடம் வேலை தேடித்தரும் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி போட்டது. அங்கே வாங்க முடியாத காசு இங்கே வந்ததும் சம்பளப் பிடித்தமாக மாறியது. ஒரு நாடு மட்டும் கதவை அடைத்தால் காசு அடுத்த கதவு வழியாக வருகிறது. கான்ட்ராக்டர் சார் சொல்லும் போட்டிக் கதை நாடுகளுக்கும் பொருந்தும். கறாராக இருக்கும் நாட்டை விட்டுவிட்டு முகவர்கள் இளகிய நாட்டில் ஆள் தேடுவார்கள்.

இதில் நாமும் முதலாளிகள்தான். பணிப்பெண்ணின் கடன் தொகை எவ்வளவு என்று முகவர் தாளில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடுமுன் அதை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

---

நெறியாளர்

கடந்த ஒரு மணி நேரத்தில் வந்த இரண்டு பதிவுகளில் இருந்த நிறுவனப் பெயர்களை நீக்கியிருக்கிறோம். புகார் இருந்தால் மனிதவள அமைச்சுக்கோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ கொண்டு செல்லுங்கள். இங்கே பெயர் போட்டால் புகார் கொடுத்தவரைத்தான் முதலில் அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

---

பாசிர் ரிஸ் யாழ்

நான் இலங்கையில் இருந்து வந்தவன். எங்கட ஊரில் கொரியாவுக்குப் போற பெடியள் கனபேர். அங்க 2004ல இருந்து ஒரு திட்டம் நடக்குது: அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நேரடி ஒப்பந்தம், தனியார் ஏஜெண்டுக்கு இடமே இல்லை. கொரிய மொழிப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணினால் பெயர் பட்டியலில் ஏறும். அங்கத்தைய முதலாளி அந்தப் பட்டியலில் இருந்து எடுப்பார். செலவு எவ்வளவு என்று எல்லாருக்கும் முன்னமே தெரியும். இலங்கை, வங்காளதேசம், நேபாளம் எல்லாம் அதில இருக்குது. இந்தியா இல்லை.

குறையும் சொல்ல வேணும். பாஸ் பண்ணியும் வருசக்கணக்கா காத்திருக்கிறவை இருக்கினம். கொம்பனி மாறுறதும் அங்க லேசில்லை. ஆனால் காணி வித்துப் போனவன் என்ற கதை அங்க குறைவு. ஏஜெண்ட் இல்லாமல் ஆள் எடுக்கவே ஏலாது என்று ஆராவது சொன்னால் நம்பாதேங்கோ.

---

ஜூரோங் செல்வம்

யாழ் அண்ணே, பரீட்சை எழுதிக் காத்திருக்குறதுன்னா நான் ரெடி. வட்டி கட்டுறதுக்கு அது எவ்வளவோ மேல்.

---

பழைய தாள் வாசகி

கான்ட்ராக்டர் ஐயா கேட்ட 'எல்லாரும் ஒரே நாளில்' என்பது நூறு வருடத்துக்கு முன்னால், அதுவும் தமிழர்களுக்காகவே, இதே வட்டாரத்தில் நடந்திருக்கிறது. மலாயாவின் தோட்ட முதலாளிகள் நாகப்பட்டினத்தில் இருந்து ஆட்களைக் கொண்டுவரும்போது, செலவு செய்து கொண்டுவந்த ஆளைப் பக்கத்துத் தோட்டம் இழுத்துக்கொள்ளும். செலவு செய்தவருக்கு நட்டம், செய்யாதவருக்கு லாபம். அதனால் 1907ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டத்தால் உருவாக்கினார்கள். தமிழர்களை வேலைக்கு வைத்த எல்லா முதலாளிகளும் தங்கள் ஆட்கள் பார்த்த வேலையின் அளவுக்கு அதில் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் வருகிறவர்களின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. கடனைக் காட்டி ஆளைக் கட்டி வைக்கும் ஒப்பந்தக் கூலி முறை 1910ல் மலாயாவில் நிறுத்தப்பட்டதற்கு இந்த நிதியும் ஒரு காரணம்.

அது பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கங்காணிகள் தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கினார்கள், கூலி அடிமட்டம், தோட்டத்தில் நோயும் சாவும் அதிகம். நிதியை உருவாக்கியவர்களின் நோக்கமும் மலிவான கூலியாட்களைத் தடையில்லாமல் கொண்டுவருவதுதான். இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. வந்து இறங்கும் மனிதன் பயணக் கடன் இல்லாமல் இறங்கலாம், அந்தச் செலவை முதலாளிகள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதைக் காலனி அரசே செய்து காட்டியிருக்கிறது. இன்றைக்கு ஏன் முடியாது?

லெவி என்று ஒவ்வோர் ஆளுக்கும் மாதம் தவறாமல் வசூல் நடக்கிறது. புதிதாகப் பணம் தேடக்கூட வேண்டாம்.

---

சிறு கான்ட்ராக்டர்

அம்மா, லெவி வைத்திருப்பதே வெளிநாட்டு ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க. அதை ஆள் கொண்டுவரும் செலவுக்குத் திருப்பினால் அதன் நோக்கமே போய்விடும். அமைச்சு ஒத்துக்கொள்ளாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லாருக்கும் பொதுவான நிதி என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டினவன் ஏமாளி ஆகாத ஏற்பாடு அது ஒன்றுதான்.

---

அங் மோ கியோ ஆசிரியை

சர்வதேச ஏற்பாடுகளில் இரண்டு நாடுகளும் எங்கே நிற்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம்.

தனியார் வேலை முகவர் பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை 1997ல் வந்தது. ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் 7ஆம் பிரிவு. சிங்கப்பூரும் இந்தியாவும் அதை ஏற்கவில்லை. குடிபெயர்ந்த தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தார் உரிமைக்கான ஐநா உடன்படிக்கை 1990 டிசம்பர் 18ல் ஏற்கப்பட்டு 2003ல் நடப்புக்கு வந்தது. பிலிப்பீன்ஸ், இலங்கை, வங்காளதேசம், இந்தோனீசியா எல்லாம் சேர்ந்திருக்கின்றன. ஆள் எடுக்கும் சிங்கப்பூர் சேராததை ஊகிக்கலாம். இத்தனை லட்சம் பிள்ளைகளை வெளியே அனுப்பும் இந்தியாவும் சேரவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. 2018ல் குடிபெயர்வுக்கான உலக உடன்பாடு ஐநா பொதுச் சபைக்கு வந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 12 வாக்களிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டில் சிங்கப்பூர் ஒன்று. அந்த உடன்பாடு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தவும் இல்லை. நேர்மையான ஆள்சேர்ப்பு அதன் நோக்கங்களில் ஒன்று.

இதைச் சொல்லும்போது சிங்கப்பூரைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனைத்துலகச் சட்டத்துக்கு இந்தச் சிறிய நாடு செய்திருக்கும் வேலை அதன் அளவுக்குப் பல மடங்கு. கடல் சட்ட உடன்படிக்கையின் இறுதிக் கட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் டாமி கோ. அது கையெழுத்தானது 1982 டிசம்பர் 10. ஆழ்கடல் பல்லுயிர் உடன்படிக்கைப் பேச்சை 2023 மார்ச்சில் கரை சேர்த்தவர் நம் ரெனா லீ. பெண்கள், குழந்தைகள், உடற்குறையுள்ளோர், இனப் பாகுபாடு என்று நான்கு முக்கிய மனித உரிமை உடன்படிக்கைகளில் சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது. 2015ல் ஆள்கடத்தலுக்கு எதிரான ஐநா நெறிமுறையிலும் சேர்ந்தது. பல நாடுகளை ஒரே மேசையில் உட்கார வைக்கும் திறமை நமக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் திறமையை நம் வீடுகளைக் கட்டுகிறவர்களுக்காகவும் பயன்படுத்தச் சொல்லிக் கேட்கிறேன்.

---

ஜோகூர்ப் பாலம்

கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த உதாரணம் இருக்கிறது. மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளை 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்தது. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்ன காரணங்களில் கடன் சுமை ஒன்று. அதன் பிறகு அந்த நிறுவனம், ஊழியர்கள் ஆள்சேர்ப்புக்குக் கட்டிய காசை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. 13 கோடி ரிங்கிட்டுக்கு மேல். நேபாளத்திலும் வங்காளதேசத்திலும் கைமாறிய பணம், ரசீது கிடையாது. 'கண்டுபிடிக்க முடியாது' என்று எத்தனையோ வருடம் சொன்னார்கள். சரக்கு துறைமுகத்தில் நின்றதும் கணக்கு வந்துவிட்டது. தடை 2021 செப்டம்பரில் நீங்கியது.

மணி சொன்ன கப்பலும் இதேதான். யாரோ ஒருவர் கையில் நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும். கட்டடத்தை ஏற்றுமதி செய்வதில்லை, எந்த நாட்டுச் சுங்கமும் அதை நிறுத்தாது. அப்படியானால் நிறுத்தும் இடம் எது என்று யோசிக்க வேண்டும்.

---

உட்லண்ட்ஸ் வாசி

அந்த இடம் ஏலக்குத்தகை (டெண்டர்) என்று நினைக்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள், விரைவு ரயில் பாதைகள், மருத்துவமனைகள் எல்லாம் அரசாங்கம் கொடுக்கும் வேலை. 2024 ஏப்ரல் முதல் அரசாங்கக் கட்டுமான ஏலக்குத்தகைகளில் வேலையிடப் பாதுகாப்புக்குக் குறைந்தது 5 விழுக்காடு மதிப்பெண் ஒதுக்குகிறார்கள். பாதுகாப்பில் மோசமான நிறுவனம் விலை குறைத்துக் கேட்டாலும் பின்தங்கலாம். அதே தாளில் ஆள்சேர்ப்புச் செலவையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்: எங்கள் ஊழியர்கள் வேலைக்காக யாரிடமும் கடன்படவில்லை, கட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று மெய்ப்பிக்கும் நிறுவனத்துக்கு மதிப்பெண். கான்ட்ராக்டர் ஐயா பயப்படும் போட்டி அப்போது தலைகீழாக மாறும். பெரிய நிறுவனம் தன் துணை ஒப்பந்தக்காரரிடமும் அதையே கேட்கும்.

அடுத்த வாரம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குக் கடிதம் எடுத்துப் போகிறேன். வரைவு:

ஒன்று, மேலே சொன்ன மதிப்பெண். இரண்டு, முதல்முறை வரும் கட்டுமான ஊழியர்களுக்கு அவரவர் மொழியிலேயே நடக்கும் அறிமுகப் பயிற்சியில், யாருக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். மூன்று, அந்தப் பதிவுகளை ஊழியரின் பெயர் இல்லாமல் இந்திய, வங்காளதேச அதிகாரிகளோடு முறையாகப் பகிர வேண்டும். ஒரே ஏஜெண்டின் பெயர் நூறு வாயில் வந்தால் அங்கே நடவடிக்கை எடுக்க ஆதாரம் இருக்கும்.

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

---

சிறு கான்ட்ராக்டர்

முதல் கோரிக்கையில் சிறு நிறுவனங்களுக்கு இரண்டு வருட அவகாசம் என்று சேருங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன். திருப்பிக் கொடுப்பது யார் என்பதிலும் தெளிவு வேண்டும். ஆள் என்னிடம் வருமுன் வேறு கம்பெனியில் இருந்திருந்தால் அந்தக் கடன் என் தலையில் விழக் கூடாது.

---

மெரைன் மணி

மூன்றாவதைப் பலப்படுத்துங்கள். 'முறையாகப் பகிர' என்றால் யாரும் பகிர மாட்டார்கள். துறைமுக ஆய்வில் ஒரு நாடு கண்ட குறை அதே வட்டார உடன்பாட்டில் உள்ள எல்லா நாடுகளுக்கும் ஒரே தரவுத்தளத்தில் தெரியும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்தத் துறை எந்தத் துறைக்கு என்று எழுதுங்கள்.

---

ஜூரோங் செல்வம்

அண்ணே, ரெண்டாவது கோரிக்கையில ஒண்ணு விட்டுப்போச்சு. வந்து இறங்கின மொத வாரத்துலயே எவ்வளவு கட்டினேன்னு கேட்டா எவனும் சொல்ல மாட்டான். ஏஜெண்டே ஊர்ல சொல்லி அனுப்புறாரு, "கேட்டா ஒண்ணும் குடுக்கலன்னு சொல்லு, இல்லன்னா பெர்மிட்ட வெட்டிருவாங்க"ன்னு. உண்மையச் சொன்னவனுக்கு பெர்மிட் போகாது, முதலாளி அனுப்பினாலும் வேற கம்பெனி தேட நாள் குடுப்பாங்கன்னு எழுத்துல இருக்கணும். விசாரணை நடக்கும்போது ஸ்பெஷல் பாஸ்ல (இங்க தங்குறதுக்கு மட்டும் குடுக்குற தற்காலிக அனுமதி) வேலை இல்லாம உக்கார வெச்சா ஊர்ல வட்டி ஏறிக்கிட்டே போகும், அதனால அந்த நேரத்துல வேலை பார்க்கவும் விடணும். இல்லன்னா அந்தப் பதிவு முழுக்கச் சைபர்னுதான் வரும்.

அப்புறம் ஒரு தடவ மட்டும் கேக்காதீங்க. ஆறு மாசம் கழிச்சுத் திரும்பவும் கேளுங்க. அப்பத்தான் வாய் வரும். ஊர்ல சொந்தக்காரன் கையில குடுத்த காசு, டெஸ்ட் சென்டருக்குக் கட்டின காசு, இங்க கம்பெனி மாறும்போது சூப்பர்வைசர் கைக்குப் போன காசு, எல்லாத்துக்கும் தனித்தனியா கட்டம் போடுங்க. 'ஏஜெண்ட் கட்டணம்'னு ஒரே கட்டமா இருந்தா, நான் ஏஜெண்டுக்குக் குடுக்கல, மாமாவுக்குத்தான் குடுத்தேன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க.

---

உட்லண்ட்ஸ் வாசி

செல்வம், நீங்கள் சொன்ன பாதுகாப்பு இரண்டாவது கோரிக்கைக்கு முன்னால் போகிறது, அது இல்லாமல் மற்றவை ஓடாது. தனித்தனிக் கட்டங்கள், ஆறு மாதத்தில் மறுபடி கேட்பது, விசாரணையின்போது வேலை அனுமதி எல்லாம் சேர்த்துவிட்டேன். கான்ட்ராக்டர் ஐயாவின் அவகாசமும், மணியின் தரவுத்தளமும் உள்ளே வந்துவிட்டன. கலா, பணிப்பெண்களின் கடன் பிடித்தம் பற்றி ஒரு பத்தி நீங்கள் எழுதி அனுப்புங்கள், தனி இணைப்பாக வைக்கிறேன். புதிய வரைவை இன்றிரவு இங்கேயே போடுகிறேன். கையெழுத்திட விரும்பும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் யாரும் பெயர் தர வேண்டாம்.